ஒரே குவாசார் வானத்தில் இரண்டாகத் தெரிவது எப்படி?

குவாசார் என்பது, தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் மையக் கருந்துளையை நோக்கி விழும் பொருள் கடுமையாகச் சூடேறி வீசும் பேரொளி. அந்த ஒளி வரும் வழியில் வேறொரு திரள் குறுக்கிட்டால், அதன் நிறை சுற்றியுள்ள வெளியையே வளைத்துவிடுவதால், வெவ்வேறு பக்கமாகப் புறப்பட்ட கதிர்களும் திரும்பி நம்மிடம் வந்து சேர, ஒரே குவாசாருக்குப் பல பிம்பங்கள் தோன்றுகின்றன. இதுவே ஈர்ப்பு வில்லை விளைவு. அடி தடித்த கண்ணாடித் தம்ளரின் வழியே தொலைவிலுள்ள விளக்கைப் பார்க்கும்போது அது இரண்டு மூன்றாகத் தெரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

1979-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இரட்டைக் குவாசாரின் பிம்பங்களுக்கு இடையே ஒரு பாகையில் ஏறத்தாழ 600-இல் ஒரு பங்கு இடைவெளிதான் உள்ளது. இரண்டின் நிறமாலையும் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டை) அச்சு அசலாக ஒத்திருந்தது முதல் துப்பு. அதைவிட வலுவான சான்று, என் பார்வையில், பின்னர் கிடைத்ததுதான். ஒரு பிம்பத்தின் ஒளியில் ஏற்படும் ஏற்ற இறக்கம், சுமார் 417 நாள் கழித்து மற்றதிலும் அப்படியே நிகழ்கிறது, ஏனெனில் இரு கதிர்களும் கடந்துவரும் பாதைகள் வேறு. (பேரண்டம் விரியும் வேகத்தைக் கணக்கிடவும் இத்தகைய தாமதங்கள் உதவுகின்றன.)

நடுவிலுள்ள திரளின் வாயுவோ தூசியோ ஒளியை வளைப்பதாகப் பலர் எண்ணுவது சரியன்று: கண்ணாடி போன்ற பொருள்கள் நீலத்தையும் சிவப்பையும் வெவ்வேறு அளவில் வளைக்கும், ஈர்ப்போ ரேடியோ அலை முதல் எக்ஸ் கதிர் வரை அனைத்தையும் ஒரே அளவில்தான் வளைக்கிறது.