பீப் சத்தம் எப்போது போதையாகிறது? மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்

வார நாட்களில் மனநலப் பிரிவில் செவிலியர் வேலை. அதில் சில வருடங்கள் சூதாட்டத்திலிருந்து மீள வருபவர்களோடு கழிந்தவை. வார இறுதியில், நிலத்துக்காரர் அனுமதி தந்த இங்கிலாந்தின் கென்ட் வயல்களில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் பீப் என்று சொல்லும் மெட்டல் டிடெக்டரோடு அலைவேன். இரண்டும் தெரிந்த ஆள் என்பதால், "புதையல் தேடுவது அடிக்‌ஷன் ஆகுமா?" என்ற கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்தவற்றில் எனக்குப் பதில் தெரிந்தவை கீழே.

கேள்வி (குரோய்டன்): என் கணவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதே இல்லை. மழையிலும் போகிறார். கொண்டுவருவது துருப்பிடித்த ஆணியும் பழைய பட்டனும்தான். இது அடிக்‌ஷன்தானே?

பதில்: மழையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்கிலாந்தில் மழைக்குப் பயந்தால் எந்தப் பொழுதுபோக்கும் மிஞ்சாது.

மருத்துவ நூல்களில் "டிடெக்டர் அடிக்‌ஷன்" என்று ஒரு நோய் கிடையாது. பொருள் எதையும் உட்கொள்ளாமல் வரும் அடிமைத்தனமாக 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஏற்றுக்கொண்டது சூதாட்டத்தை மட்டும்தான். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் வீடியோ கேமும் சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியல் பார்க்கச் சொல்லும் மூன்று விஷயங்களை எதற்கும் பொருத்திப் பார்க்கலாம்: நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, வாழ்க்கையில் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டதா, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறதா. எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை.

உங்கள் கணவர் விஷயத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். நான்கு மணிக்கு வருகிறேன் என்றவர் இருட்டிய பிறகு வந்து, எங்கே இருந்தார் என்பதில் பொய் சொல்கிறாரா? மெஷினின் உண்மை விலை உங்களுக்குத் தெரியுமா? ஒரு வாரம் போக முடியாவிட்டால் வருத்தப்படுகிறாரா, எரிந்து விழுகிறாரா? இவற்றுக்கு நல்ல பதில் இருந்தால், உங்களுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை. அதைப் பேசித் தீர்க்கலாம். ஆணியை வீட்டுக்கு எடுத்து வருவது நல்ல அடையாளம். குப்பையை வயலிலேயே வீசிவிட்டு வருபவர்களை நிலத்துக்காரர் மறுபடி உள்ளே விடமாட்டார்.

கேள்வி (கோவை): குடித்தால் போதை வருகிறது, சீட்டாடினால் பணம் வருகிறது. ஒன்றுமே கிடைக்காத வேலைக்கு எப்படி அடிமை ஆவார்கள்?

பதில்: ஒன்றும் கிடைக்காததால்தான். இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

இந்த மெஷின் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. உலோகம் இருந்தால் அதில் சிறு மின்சுழல் உண்டாகி, திரும்ப வரும் சிக்னல் மாறுகிறது. அந்த மாற்றத்தை மெஷின் எண்ணாகவும் ஒலியாகவும் காட்டும். எண்ணைத் தீர்மானிப்பது உலோகத்தின் மின்கடத்தும் தன்மை மட்டுமல்ல, அளவும் வடிவமும்கூட. அதனால் மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பான டின்னை இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதற்கு முழுத் தீர்வு இல்லை. குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அணைத்துவைத்தால் தங்கமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பீப்புக்கும் குனிந்து தோண்டியே ஆக வேண்டும்.

இதைத்தான் உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடம் பார்த்தார். கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்தால், தீனி நின்றதும் புறா சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாமல் வைத்தால், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட மெஷின் ஓடுவதும் இதே விதியில்தான். பிறகு மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்தார். பழச்சாறு வரப்போகிறது என்பதைச் சொல்லும் அடையாளம் குரங்குக்குப் பழகிய பின், அந்தச் செல்கள் துள்ளியது சாறு வந்தபோது அல்ல, அடையாளம் தெரிந்தபோது. சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றிருந்தபோது, காத்திருந்த நேரம் முழுக்க அவற்றின் இயக்கம் ஏறிக்கொண்டே போனது.

இப்போது வயலுக்கு வாருங்கள். பீப் கேட்டதிலிருந்து மண்கட்டியைப் புரட்டும்வரை அரை நிமிடம். மனிதரைப் பிடித்துவைப்பது அந்த அரை நிமிடம்தான். கையில் வந்தது பட்டனாக இருந்தாலும் அது நடந்து முடிந்துவிட்டது. உண்மையாகவே தங்கம் கிடைத்தவரைக் கவனித்துப் பாருங்கள், அன்று அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகமாட்டார்.

கேள்வி (திருச்சி): பத்து அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தை மட்டும் காட்டும் மெஷின் எது?

பதில்: இல்லை. சாதாரண மெஷின் ஒரு நாணயத்தை ஓர் அடிக்குள் காட்டினாலே பெரிய விஷயம். கடன் வாங்கி மெஷின் வாங்காதீர்கள்.

கேள்வி (டொராண்டோ): அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தவர். போன வருடம் மாத்திரையை மாற்றினார்கள். அப்புறம் டிடெக்டர் வாங்கினார். இப்போது நள்ளிரவில் எழுந்து, கிடைத்த பழைய இரும்பையெல்லாம் பிரித்துப் பிரித்து அடுக்குகிறார். ஆன்லைனில் மூன்றாவது மெஷின் ஆர்டர் செய்துவிட்டார். உற்சாகமாக இருக்கிறாரே என்று முதலில் சந்தோஷப்பட்டோம்.

பதில்: மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். இதை இன்றே கவனியுங்கள்.

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல், ரோடிகோடின் போன்றவை மூளையில் டோபமின் செய்யும் வேலையைத் தாமே செய்பவை. நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் சிலருக்கு இவை உந்துதலை அடக்கும் திறனைக் குலைத்துவிடும். திடீர் சூதாட்டம், கட்டுப்பாடில்லாமல் வாங்கிக் குவிப்பது, ஓயாமல் தின்பது, பாலுணர்வு மிகுவது, ஒரு பொழுதுபோக்கில் இரவு பகல் பாராமல் மூழ்குவது எல்லாம் பதிவான பக்கவிளைவுகள். பொருட்களைப் பிரித்து, அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குவதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு.

நோயாளி தானாக இதைச் சொல்லமாட்டார். வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, அது அவருக்கு நோயாகவே தெரியாது, நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். அதனால் மருத்துவரிடம் நீங்களும் போய், மாத்திரை மாறிய தேதியையும் மெஷின் வாங்கிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, வலி என்று வேறு வம்பு வரும். பெரும்பாலும் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பலருக்கு இந்த வேகம் தணிந்துவிடும். அதுவரை வங்கி அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். அப்பாவைத் திட்டாதீர்கள், அவர் குணம் கெட்டுப்போனதால் வந்ததல்ல இது.

கேள்வி (சேலம்): இரண்டு பித்தளைக் கம்பியைப் பிடித்து நடந்தால் புதையல் இருக்கும் இடத்தில் கம்பி தானாகச் சேரும் என்கிறார்களே?

பதில்: கம்பியைச் சேர்ப்பது பிடித்திருப்பவரின் கை. அடுத்து.

கேள்வி (முல்லைத்தீவு): அண்ணா, 2009இல வெளிக்கிடேக்க அம்மாவின்ர தாலிக்கொடியையும் காப்பையும் தாட்டுவிட்டு வந்தம். இடம் ஞாபகம் இருக்கு. ஒரு மெஷின் எடுத்துப் போய்ப் பாக்கலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி, தனியாகப் போகாதீர்கள். இது பொழுதுபோக்கு இல்லை, உங்கள் வீட்டுப் பொருள். அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன். உலோகம் மிகக் குறைவாக உள்ள கண்ணிவெடிகள் உண்டு. கடையில் விற்கும் மெஷின் அவற்றை எளிதில் தவறவிடும். இரும்பை ஒதுக்கும்படி அமைத்திருந்தால் எறிகணைகூடச் சத்தம் காட்டாமல் போகலாம். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடித்து ஒப்படைத்துவிட்டார்களா என்று முதலில் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். அடுத்தது பொலிஸ். இலங்கையில் புதையல் தோண்டியதாகவும் ஸ்கானர் வைத்திருந்ததாகவும் கைதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. சொந்த நகை என்று பிடிபட்ட பிறகு விளக்குவது கஷ்டம். ஒரு சட்டத்தரணி மூலம் முறைப்படி அனுமதி கேட்டுவிட்டு, அதிகாரிகள் முன்னிலையில் தோண்டுங்கள்.

கேள்வி (மதுரை, தொல்லியல் மாணவி): அடிக்‌ஷனா என்று கேட்பதே திசைதிருப்பல். நீங்கள் செய்வது கொள்ளை. மண்ணிலிருந்து பிடுங்கிய நாணயம் வெறும் உலோகம். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதுதானே வரலாறு?

பதில்: பாதி சரி. இங்கிலாந்தில் நாங்கள் தேடுவது பெரும்பாலும் உழவு மண். ஆண்டாண்டாகக் கலப்பை புரட்டிய மண்ணில் அடுக்கு ஏது? அங்கே கிடக்கும் வெள்ளிக்காசை எடுக்காவிட்டால் கலப்பையே நசுக்கிவிடும். 1997இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், பொதுமக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேலான பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு டிடெக்டர்காரர்கள் காட்டியவை. சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் இடத்தில் உரிமம் இல்லாமல் மெஷினை இயக்குவதே குற்றம்.

மறுபடி அவர்: பதிவான கணக்கைச் சொல்கிறீர்கள். பதிவாகாததை யார் எண்ணுவது? தனியாகக் கிடைக்கும் ஒற்றை நாணயத்தை உங்கள் சட்டப்படி காட்ட வேண்டியதே இல்லையே.

பதில்: படித்துவிட்டுத்தான் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 1996 சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருட்களையும், அதே வயதுள்ள பொன், வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் அவற்றையும் 14 நாளில் கொரோனர் என்ற அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக இதில் வராது, அதைக் காட்டுவது அவரவர் மனசாட்சி. அது ஓட்டைதான். ஆனால் தடை போட்டால் காட்டுகிறவர்தான் நிறுத்துவார். இரவில் திருட்டுத்தனமாக வருகிறவர் நிறுத்தமாட்டார்.

கேள்வி (பெங்களூரு): உங்கள் விவாதம் முடிந்தால் என் கேள்வி: போனிலேயே மெட்டல் டிடெக்டர் ஆப் இருக்கிறதே, வேலை செய்யுமா?

பதில்: போனில் திசைகாட்டிக்காக இருக்கும் உணரியை வைத்து வித்தை காட்டுகிறது. சுவரில் இரும்பு ஆணி தேடலாம். தங்கத்தை அது அறியாது. பத்து அடி கேட்டு இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள், மேலே பதில் இருக்கிறது. கடன் அட்டையையும் தொடாதீர்கள்.

மதுரை மாணவி: தடை வேண்டாம் என்றால், ஆசை வந்தவன் தோண்டாமல் நிற்பான் என்று எப்படி நம்புகிறீர்கள்?

பதில்: இப்போதுதான் நம் இரண்டு பேச்சும் ஒரே இடத்துக்கு வருகின்றன. 1992இல் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊர். விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேட எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியப் பொன், வெள்ளி. கொஞ்சம் எடுத்ததுமே இது சாதாரணமில்லை என்று புரிந்து தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 நாணயங்கள். அதைவிட முக்கியம், அவை மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2015இல் லெம்ஸ்டர் பக்கம் இருவருக்கு வைக்கிங் காலப் புதையல் கிடைத்தது. சொல்லியிருந்தால் சட்டப்படியே பெரிய பங்கு வந்திருக்கும். மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்கிறார்கள், மீட்டது சிறு பகுதி. 2019இல் ஒருவருக்கு 10 ஆண்டு, மற்றவருக்கு எட்டரை ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் குறைந்தது.

எல்லோரும் நிற்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் நிற்கப் பழக்கலாம். நான் புதியவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது எப்படித் தோண்டுவது என்பதை அல்ல: இரண்டாவது காசு தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வை, போனை எடு. அதைச் செய்ய முடியாத கை ஏற்கெனவே கட்டுப்பாட்டை இழந்த கை. வாரம் ஏழு நாள் வயலில் கிடக்கிறவரைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீங்கள் கொள்ளை என்பதும் நான் போதை என்பதும் அங்கே ஒரே ஆளாக இருக்கலாம். இதற்கு மேல் தனியாகப் பேசுவோம், வரிசை நீள்கிறது.

கேள்வி (கரூர்): எங்கள் அமராவதி ஆற்றில் பழைய காசு தேடுவோர் உண்டு. மெஷின் வாங்கி நானும் இறங்கலாமா?

பதில்: மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் வந்த மண் அது. ஆசை புரிகிறது. ஆனால் 1878ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம்வரை சிறை. இங்கிலாந்து வீடியோ பார்த்துவிட்டு இந்தியாவில் இறங்காதீர்கள். அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் காசுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதிலும் போதை இருக்கிறது.

கேள்வி (ஊர் வேண்டாம்): அண்ணா, நான்தான் அந்த ஆள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போகிறேன், மனைவிக்குத் தெரியாது. கார்டில் கடன். விட முடியுமா?

பதில்: முடியும். முதலில் மனைவியிடம் கடன் தொகையைச் சொல்லுங்கள், முழுத் தொகையை. மறைப்பது இருக்கும்வரை மற்ற வழியெல்லாம் பாதியில் நிற்கும். மெஷினை விற்பதைவிட, மூன்று மாதம் நண்பர் வீட்டில் வைப்பது நல்லது. விற்றவர்கள் அடுத்த மாதம் புதிதாக வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். மறுபடி போகும்போது தனியாகப் போகாதீர்கள். கிளம்பும் நேரத்தைக் கூட வருபவர் தீர்மானிக்கட்டும், "கடைசியாக ஒரே ஒரு சிக்னல்" என்று நீங்கள் கேட்டாலும் அவர் காரை எடுக்கட்டும். தேடுவது முன்பு எந்தக் கவலையை மறக்கச் செய்தது என்பதையும் யோசியுங்கள், பல பேருக்கு அடியில் மனச்சோர்வு இருக்கும். இங்கிலாந்தில் என்றால் உங்கள் குடும்ப மருத்துவர். இந்தியாவில் என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி (லெஸ்டர்): பத்து வயது மகனை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கும்போது அவனையும் பக்கத்தில் நிறுத்துங்கள். தோண்டிய குழியை அவனே மூடட்டும். குண்டு, தோட்டா மாதிரி எது வந்தாலும் தொடாமல் விலகி வந்து போலீசை அழைக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். உலகப் போர் கால வெடிகள் இங்கே இன்னும் கிடைக்கின்றன. பழைய மெஷின் போதும், அதையும் கடனில் வாங்காதீர்கள்.