ஏற்காட்டிலிருந்து மெசபொடோமியா போன கொள்ளுத்தாத்தா: பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

வணக்கம். முதல் உலகப் போரில் மெசபொடோமியா (இன்றைய ஈராக்) சென்று திரும்பாத உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரும், ஏற்காட்டுக்கு அருகிலுள்ள ஊரும், ஒரு பழைய பதக்கமும் தவிர வேறு தடயமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதக்கமே நல்ல தொடக்கம். தயவுசெய்து அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் படை எண் (அவருக்கெனத் தரப்பட்ட தனி எண்), பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொதுவாக ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலையும் மறுபக்கம் குதிரைவீரனும் இருந்து, அது வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், வீட்டில் ‘பட்டாளத்துக்காரர்’ என்றே சொல்லி வந்திருந்தாலும், அவர் போரிடும் பிரிவில் அல்லாமல், சுமை தூக்குதல், சாலை போடுதல் போன்ற வேலைகளுக்கான தொழிலாளர் படையில் பணியாற்றியவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பஸ்ரா நினைவகத்தின் (மெசபொடோமியாவில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாதவர்களுக்கான நினைவிடம்) பதிவுகளைத் தேடுங்கள். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும்கூட அங்கே உண்டு. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள் என்பதால், முழுப்பெயரைவிடப் படை எண்ணே கைகொடுக்கும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே ‘சேலம்’ என்று கண்டதும் அவர்தான் என்று முடிவுகட்டாமல், தந்தை பெயரை உங்கள் வீட்டுப் பழைய நிலப் பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.