அத்தை சொன்னதில் பாதி

அன்புள்ள ஐயா,

மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிட்டேன், நன்றாகத் தேறிவிட்டேன். 'அடிமையாகிடுவே' என்று அத்தை (மாமியார்) தினமும் சொல்லவே, போன வாரம் ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல். திரும்பிப் பார்த்தால் தலைக்குள் கரண்ட் சுளீரென்று ஓடுகிறது. அப்படியானால் அத்தை சொன்னது சரிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் மருந்து எழுதிக்கொடுத்த டாக்டருக்குப் போன் போடுங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம்.

அந்தச் சுளீர் எனக்கும் தெரியும். நானும் ஒருமுறை இப்படி நிறுத்திப் பார்த்தவன்தான். கண்ணை இடமிருந்து வலம் ஓட்டினாலே நெற்றிக்குள் ஒரு பொறி. பஸ் படியில் கால் வைக்கப் பயம். டாக்டர் திட்டவில்லை. பழைய அளவையே மறுபடி கொடுத்து, மூன்று மாதத்தில் மெல்ல இறக்கினார். கடைசி வாரங்களில் பாதி மாத்திரையைப் பிளேடால் கால் ஆக்குவேன். உதிர்ந்த பொடியைக்கூட விரலில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வேன். அவ்வளவு பயம்.

இதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லை. அடிமையானவர் மாத்திரைக்கு ஏங்குவார், அளவைக் கூட்டிக்கொண்டே போவார். நீங்கள் எட்டு மாதமும் அதே 10 மி.கி.தானே? மூளையில் சுரக்கும் செரோட்டோனினை நரம்பணுக்கள் சட்டென்று திரும்ப உறிஞ்சிவிடாமல் தடுப்பது இந்த மருந்தின் வேலை. மாதக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, தடுப்பு திடீரென்று போனால் தடுமாறத்தான் செய்யும்.

ஆனால் அத்தையைக் கோபிக்காதீர்கள். நம் ஊரில் தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, மனசுக்கான மாத்திரை எல்லாம் ஒரே கணக்கு. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை உண்மையிலேயே பழக்கமாகிவிடும். அப்படி யாரையாவது அவர் பார்த்திருப்பார். போதாததற்கு, எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை இங்கே சர்வசாதாரணம். உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால் அத்தை சொன்னதில் பாதி நியாயம் உண்டு. டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். குளோனசெபாமைச் சட்டென்று விட்டால் சிலருக்கு வலிப்பே வரும்.

நிறுத்த நினைத்ததிலும் பெரிய தப்பில்லை. தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். தேறவே ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். ஆக, நீங்கள் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இறங்கிய விதம்தான் தவறு, படி இருக்கும்போது மாடியிலிருந்து குதித்துவிட்டீர்கள்.

டாக்டர் போனை எடுக்காவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.