குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுமை பற்றிய உங்கள் கட்டுரையில் கலோரிக் குறைப்பு குறித்து ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு மேலும் தேடினேன். உணவை 30 சதவீதம் குறைத்த குரங்குகள் நீண்ட காலம் வாழ்ந்தன என்கிறது ஓர் ஆய்வு. ஆயுள் கூடவில்லை என்கிறது இன்னொன்று. எதை நம்புவது? எனக்கு 52 வயது, பருமன் கிடையாது. நானும் 16 வயது மகளும் இதைத் தொடங்கலாம் என்று நினைக்கிறோம்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

இரண்டையுமே நம்பலாம். இரண்டும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 1987இல் ஒன்றைத் தொடங்கியது, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1989இல் மற்றொன்றை. கூண்டில் சராசரியாக 26 ஆண்டுகள் வாழும் விலங்கு என்பதால் முடிவு தெரியவே இருபது ஆண்டுகள் ஆயின. 2009இல் விஸ்கான்சின் குழு, முதுமை சார்ந்த காரணங்களால் இறந்தவை வழக்கம்போல் உண்ட குரங்குகளில் 37 சதவீதம், குறைத்து உண்டவற்றில் 13 சதவீதம் என்று அறிவித்தது. 2012இல் மற்ற குழு, ஆயுளில் வேறுபாடு இல்லை என்றது.

இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: யாரோடு ஒப்பிட்டார்கள்? விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய மட்டும் சாப்பிட்டன. சுத்திகரித்த பொருள்களால் ஆன அந்த உணவில் ஏறத்தாழ 28 சதவீதம் சர்க்கரை. மற்ற ஆய்வில் முழுத் தானியம் போன்ற இயற்கைப் பொருள்கள், சர்க்கரை 4 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளவாகவே போட்டார்கள், அதனால் அவை விஸ்கான்சின் குரங்குகளைவிட எடை குறைவாக இருந்தன. ஏற்கெனவே அளவாகச் சாப்பிடும் விலங்கின் தட்டிலிருந்து மேலும் எடுத்தபோது கிடைத்த லாபம் சிறிது. மிகையாகச் சாப்பிடும் விலங்கிடமிருந்து எடுத்தபோது கிடைத்தது பெரிது. நான் இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். 2017இல் இரு குழுக்களும் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உணவின் தன்மை, தொடங்கிய வயது, ஆணா பெண்ணா என்பது எல்லாமே முடிவைத் தீர்மானிக்கின்றன என்று எழுதினார்கள்.

தொடங்கிய வயது உங்கள் மகளுக்காக முக்கியம். தேசிய நிறுவனத்தில் இளம் வயதிலேயே குறைக்கத் தொடங்கிய குரங்குகள் கூடுதலாக வாழவில்லை. 16 வயதுக்குப் பிறகு, அதாவது நடுவயது கடந்து தொடங்கிய ஆண் குரங்குகளில் சில 40ஐத் தாண்டின. ஆனால் அவற்றோடு ஒப்பிடப்பட்டு அளவாக உண்டவையும் அதே மாதிரி நெடுநாள் வாழ்ந்தன.

சாம்பல்நிறச் சுண்டெலி லெமூர் என்ற சின்னஞ்சிறு பிரைமேட்டை (குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய விலங்கு வரிசை) பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்சில் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. 30 சதவீதம் குறைத்தவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி விலங்குகள் இறந்துவிடும் வயது, 6.4 ஆண்டிலிருந்து 9.6 ஆண்டாகக் கூடியது. பிரமிக்க வைக்கும் ஏற்றம். ஆனால் அவற்றின் மூளையில் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதி வேகமாகச் சுருங்கியது. நினைவாற்றல் சோதனைகளில் குறை தெரியவில்லை என்றாலும் என்னை உறுத்துவது இந்தச் சுருக்கம்தான். ஆயுளைக் கூட்டும் ஒன்று உடம்பின் எல்லாப் பகுதிக்கும் நல்லது செய்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதர்களிடம் இரண்டு ஆண்டு சோதனை ஒன்று நடந்தது. 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், மக்களால் முடிந்தது 12 சதவீதம் அளவுக்கே. இதய ஆரோக்கியக் குறியீடுகள் மேம்பட்டன, எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பருமன் இல்லாத உங்களுக்கு 30 சதவீதம் குறைக்க இந்த ஆய்வுகளில் காரணம் இல்லை. சர்க்கரையும் பொட்டலத் தின்பண்டமும் இருந்தால் அவற்றை முதலில் குறையுங்கள். அதற்கு மேல் போக நினைத்தால் மருத்துவரிடம் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மகள் வேண்டவே வேண்டாம். அவள் இன்னும் வளரும் வயது, எலும்பு சேரும் காலம் இது. இதைக் கேட்ட பிறகும் அவள் உணவைக் குறைக்க விரும்பினால், அதற்கு ஆயுள் மட்டும்தான் காரணமா என்று அவளிடம் பொறுமையாகப் பேசுங்கள்.