பம்ப் வைத்தால் சரியாகுமா?

கேள்வி: வயது 54. பதினோரு வருடமாகச் சுகர். போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் தந்திருக்கிறார்கள். விறைப்பு வருவதில்லை, அதற்கான மாத்திரையும் எனக்குக் கூடாதாம். காற்று உறிஞ்சும் பம்ப் வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: டாக்டர் தடுத்தது சரி. சார்பிட்ரேட்டோடு விறைப்பு மாத்திரையான சில்டெனாபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பம்பில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுப்பார்கள். அதனால் பம்ப் இழுக்கும்போது தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது சுலபம். இதய டாக்டரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். உறிஞ்சும் அழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு உள்ளதுதான் வேண்டும். அது இல்லாத மலிவுச் சாமான் வேண்டாம்.

உறுப்பின் அடியில் உள்ள முடியைக் கத்தரித்துவிடுங்கள். விறைப்பு இறங்காமல் பிடித்துவைக்கும் வளையத்தைக் குழாயின் வாயில் ஏற்றி, தண்ணீரில் கரையும் ஜெல்லை விளிம்பிலும் உறுப்பின் அடியிலும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். குழாயை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூன்று நான்கு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி இழுப்பு என்று சில நிமிடம் நிதானமாகப் போங்கள். உஸ்ஸென்று காற்று கசிந்தால் முடியோ ஜெல் போதாமையோ காரணம். அவசரப்பட்டு இழுத்தால் தோலில் சிவப்புப் புள்ளிகள் வரும். சில நாளில் மறையும். விதைப்பைத் தோல் உள்ளே போனால் குழாய் உங்களுக்குப் பெரிது. விறைத்ததும் வளையத்தை உறுப்பின் அடிக்குத் தள்ளி, வால்வைத் திறந்து குழாயை எடுங்கள்.

30 நிமிடத்துக்குள் வளையத்தைக் கழற்றியே ஆக வேண்டும். கடலுக்குப் போய்வந்த அலுப்பில் அப்படியே தூங்கிவிடாதீர்கள். வளையம் தொலைந்தால் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுவதும் கூடாது. உறுப்பு சற்றுக் குளிர்ந்து நீலம் பாய்ந்திருக்கும், அடிப்பகுதி ஆடும், விந்து வெளியே வராமல் நிற்கலாம். இவையெல்லாம் வளையத்தால் வருபவை. வலித்தாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள். முதலில் சில நாள் வளையமில்லாமல் தனியாகப் பழகுங்கள். வீட்டுக்காரம்மாவிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று குழாயோடு வந்து நின்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

கேள்வி: விறைப்புக் குறைவுக்கு 'ஷாக்வேவ்' ஆறு முறை வைத்தால் நிரந்தரக் குணம் என்கிறார்களே?
- வாசகர், கீழக்கரை

பதில்: மெல்லிய ஒலியலைகளால் ரத்தக்குழாய்களைத் தூண்டும் முறை அது. ரத்த ஓட்டக் குறைவால் வந்த லேசான கோளாறில் சிலருக்குப் பலன் உண்டு. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் அதை ஆய்வுநிலைச் சிகிச்சை என்றே வைத்தது. மூட்டு வலிக்கு வைக்கும் காற்றழுத்தக் கருவியையும் இதே பெயரில் சில இடங்களில் வைக்கிறார்கள். அதன் அலை ஆழத்துக்குப் போகாது. 'நிரந்தரம்' என்று சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தில் முதலில் மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவற்றைப் பாருங்கள்.