விரைக்குள் வைட்டமின் ஏ: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வைட்டமின் ஏ கண்ணுக்கான சத்து என்றுதான் படித்திருக்கிறேன். விந்தணு உருவாகவும் அது வேண்டும், ஆண் இனப்பெருக்கப் பாதையின் புரதங்களையே அது மாற்றுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எப்படி? அப்படியானால் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே?
கே.

அன்புள்ள கே.,

கண்ணில் அது ஒரு உதிரிபாகம் மாதிரி. ஆப்சின் என்ற புரதத்தோடு இணைந்து ஒளியைப் பிடிக்கிறது. விரையில், அதாவது விந்தகத்தில், அதே சத்து ரெட்டினோயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவில் இருக்கும் ஏற்பிப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு, எந்தெந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அப்படி உண்டாகும் புரதங்களில் ஒன்று ஸ்ட்ரா8. அது இல்லாவிட்டால் குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு, ஒழுங்காக நடக்காது, விந்தணுவும் வராது.

இந்த அமிலத்தை விரை தானே வைட்டமின் ஏ-யிலிருந்து தயாரித்துக்கொள்கிறது, வெளியிலிருந்து கொடுத்தால் போதாது. 1960களில் எலிகளுக்கு வைட்டமின் ஏ-யை நிறுத்திவிட்டு அமிலத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் பார்வை போயிற்று, ஆண் எலிகள் மலடாயின.

அப்புறம் எபிடிடிமிஸ். விரையின் பின்னால் சுருண்டு கிடக்கும் இந்தக் குழாயை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். விந்தணு நீந்தக் கற்பது இதில்தான். எலியின் எபிடிடிமிஸ் திரவத்தில், ரெட்டினோயிக் அமிலத்தைத் தன் குழிக்குள் வைத்துக்கொள்ளும் பீப்பாய் வடிவப் புரதம் ஒன்று மிதக்கிறது. வைட்டமின் ஏ அறவே இல்லாத எலிகளில் வோல்பாக், ஹோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டதை 1925-இல் எழுதினார்கள். திரவம் சுரக்க வேண்டிய உட்சுவர், தோல் மாதிரி கெரட்டின் என்ற கடினமான புரதம் படிந்து காய்ந்துவிட்டது. புரதம் மாறுகிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

மறுபக்கக் கதை ஒன்றும் உண்டு. வின் 18446 என்ற மருந்தைச் சிறைக்கைதிகளுக்குக் கொடுத்தபோது விந்தணு எண்ணிக்கை சரிந்தது, நிறுத்தியதும் திரும்பியது. ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் அதோடு மது குடித்தவர்களுக்கு உடம்பு படுத்திவிட்டது! மதுவின் கழிவை உடைப்பதும் ரெட்டினோயிக் அமிலத்தைத் தயாரிப்பதும் ஒரே குடும்பத்து நொதிகள். மருந்து இரண்டையும் தடுத்திருக்கிறது. கைதிகளிடம் சோதித்தது சரியா என்பது தனி வழக்கு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

மாத்திரை விஷயம். ஆணுக்கு நாளுக்கு 900 மைக்ரோகிராம் போதும். ரெட்டினாலாக, அதாவது நேரடி வைட்டமின் ஏ-யாக, 3000-ஐத் தாண்டக் கூடாது, மிச்சம் கல்லீரலில் சேரும். ஏற்கெனவே போதுமான சத்து இருக்கும் உடம்பில் மேலும் கொட்டுவதால் விந்தணு எண்ணிக்கை அதிகரிக்காது. சந்தேகம் இருந்தால் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் ஏதாவது மருந்து தொடங்கினால் மறுவாரமே பலன் பார்க்க ஓடாதீர்கள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள், அந்த 6 மீட்டர் பயணம் அதற்கு மேல்.