“இந்திய ஆராய்ச்சி எதுவும் சொல்லலையாமே, டாக்டர்?”

கேள்வி: பாவூர்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 61 வயது, சிறு வயதிலிருந்தே பீடி குடிக்கிறார். ஒரு மாதமாக இருமல். விடச் சொன்னால், ‘புகையிலையால் புற்றுநோய் வரும்னு இந்திய ஆராய்ச்சி எதுவும் சொல்லல’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறார். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே சங்கடம். எது உண்மை?

பதில்: முதலில் இருமலைப் பார்ப்போம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். அப்பாவுக்கு எக்ஸ்ரேயும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. சளியில் ரத்தம் வந்தாலோ, குரல் கம்மினாலோ, உடம்பு மெலிந்தாலோ தள்ளிப்போடாமல் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள்.

அந்த வாட்ஸ்அப் வாசகம் பழைய சரக்கு. 2015-ல் புகையிலைப் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கப் போனபோது, அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவரே இப்படிச் சொன்னார். அந்தக் குழுவில் பீடித் தொழிலதிபர் ஒருவரும் உறுப்பினர்! படம் பெரிதாக மேலும் ஒரு வருஷம் ஆனது.

அவர் சொன்னது பொய். சென்னையிலும் விழுப்புரம் பக்கக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை வைத்துச் செய்த ஆய்வு 2003-லேயே வெளிவந்துவிட்டது. புகைப்பவர்கள் புற்றுநோயால் இறப்பதும் மற்றவர்களைவிட அதிகம், காசநோயால் இறப்பதோ மற்றவர்களைப் போல நான்கு மடங்கு என்று அதில் தெரிந்தது. பீடி குடிக்கும் ஆண்களுக்குச் சுமார் 6 வருஷ ஆயுள் குறைகிறது என்று 2008-ல் இன்னொரு இந்திய ஆய்வு சொன்னது.

இந்தப் பேச்சின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. 1953 டிசம்பரில் சிகரெட் கம்பெனி முதலாளிகள் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் கூடினார்கள். அடுத்த மாதமே 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம்: உங்கள் உடல்நலமே எங்களுக்கு முக்கியம், நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்று. பணம் நிஜமாகவே கொடுத்தார்கள். பெயர்பெற்ற விஞ்ஞானிகள் வாங்கினார்கள். ஆனால் நிறையப் பணம் பரம்பரை, உடல்வாகு என்று சிகரெட்டைத் தொடாத கேள்விகளுக்கே போனது. என்னைக் கேட்டால், அப்பட்டமான பொய்யைவிட இது மோசம். ‘இன்னும் ஆராய வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் எந்த விஞ்ஞானியால் மறுக்க முடியும்? அந்த நேர்மையையே அவர்கள் கேடயமாக்கிக்கொண்டார்கள். ‘சந்தேகம்தான் நாம் விற்கும் பொருள்’ என்று 1969-ல் ஒரு கம்பெனியின் உள்குறிப்பே சொல்கிறது. 1994-ல் ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமையாக்காது என்றார்கள். வழக்குகளால் அவர்களுடைய ரகசியக் காகிதங்கள் வெளியே வந்த பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது.

நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பதில் உங்கள் அம்மாவை முன்னால் நிறுத்துகிறார்கள். பீடிக்கு வரி போட்டால் ஏழைப் பெண்கள் பட்டினி கிடப்பார்கள் என்ற வாதம் எப்போதும் தயார். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு விழுந்த செஸ் என்ற கூடுதல் வரி பீடிக்கு விழவில்லை. இத்தனை கரிசனம் சுற்றுகூலியில் தெரிந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். அம்மா சுற்றுவதற்கும் அப்பா குடிப்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். பீடி இலை காற்றை அவ்வளவாக உள்ளே விடாது. அணையாமலிருக்க ஓயாமல் இழுக்க வேண்டும். அதனால் ‘வெறும் இலைதானே’ என்ற பேச்சும் எடுபடாது.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: புகையிலைத் தூளும் சொளவும் (முறமும்) அடுப்படியிலோ படுக்கும் இடத்திலோ வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுற்றட்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

அப்பா விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நிகோடின் சூயிங்கம்மும் உதவும், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். விட்ட முதல் சில வாரம் சிலருக்கு இருமல் கூடும். ‘பீடி இருந்தப்ப நல்லாத்தான் இருந்தேன்’ என்று அப்பா மறுபடி பற்றவைப்பது பெரும்பாலும் அப்போதுதான். அந்த நாட்களில் பக்கத்தில் இருங்கள்.